நிலையான பதிப்பா, பீட்டாவா, நைட்லியா? ஒரே ஆளுக்கு எந்த உலாவி எதற்கு

#1 தாழ்வாரம்

விண்டோஸ் கணினி ஒன்று, உபுண்டு மடிக்கணினி ஒன்று, ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்று. மூன்றிலும் ஃபயர்பாக்ஸின் வழக்கமான வெளியீட்டுப் பதிப்பு. அலுவலக வேலை, வங்கி, காணொளிக் கூட்டம் எல்லாம் அதில்தான். சின்னச் சின்ன இணையதளங்கள் கட்டும் வேலையும் உண்டு, அதற்குக் குரோம்.

புது வசதிகள் முன்கூட்டியே கிடைக்கும் என்பதால் நைட்லியையே (தினமும் உருவாகும் சோதனைப் பதிப்பு) முதன்மை உலாவியாக்கலாமா என்று யோசனை. மூன்று சந்தேகங்கள்:

நைட்லி எவ்வளவு காலம் முந்தி ஓடுகிறது? பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியுமா? பாதுகாப்பு எதில் மேல், புதியதிலா நிலையானதிலா?

#2 கிளைநதி

முதல் சந்தேகத்துக்குப் பதில்: ஒன்று முதல் இரண்டு மாதம்தான். ஃபயர்பாக்ஸின் நிரல் நைட்லியில் சுமார் நான்கு வாரம், பிறகு பீட்டாவில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பில், சுமார் நான்கு வாரம் இருந்துவிட்டு வெளியீட்டுக்கு வருகிறது. 2020-லிருந்து இதுதான் கணக்கு. சுழற்சியின் முதல் நாளில் நைட்லிக்குள் நுழைந்த மாற்றம் எட்டு வாரத்தில் உங்களிடம் வரும்; கடைசி நாளில் நுழைந்தது நான்கே வாரத்தில் வந்துவிடும்.

குரோமும் 2021 செப்டம்பரில் 94-வது பதிப்போடு ஆறு வாரச் சுழற்சியை நான்காகக் குறைத்தது. அதற்குப் பிறகு பீட்டாவுக்கும் நிலையான பதிப்புக்கும் உள்ள தூரம் ரொம்பக் குறைந்துபோனது.

நைட்லியில் பார்த்ததெல்லாம் கீழே இறங்கி வரும் என்று நம்பிவிடாதீர்கள். சில வசதிகள் நைட்லியில் மட்டுமே திறந்திருக்கும். சில, பீட்டாவின் முதல் பாதி வரை திறந்திருந்து, பிறகு அணைக்கப்படும். ஒரு வசதி பீட்டாவில் இரண்டு வாரம் இருந்துவிட்டு மூன்றாம் வாரம் காணவில்லை என்றால் அது வழு (நிரல் பிழை) இல்லை, அப்படித்தான் திட்டம். பீட்டாவின் கடைசி இரண்டு வாரமே வெளியீட்டின் உண்மையான முகம்.

இன்னொன்று. நீங்கள் தேடும் வசதி உங்கள் வெளியீட்டுப் பதிப்பிலேயே அணைந்த நிலையில் கிடக்கலாம். செங்குத்து டேப் பட்டை 2025 மார்ச்சில் 136-ல்தான் முறைப்படி வந்தது; அதற்கு முந்தைய சில பதிப்புகளிலேயே அபவுட்:கான்ஃபிக் என்ற நுணுக்க அமைப்புகள் பக்கத்தில் இயக்கிக்கொள்ள முடிந்தது. ஒரே ஒரு வசதிக்காகப் பதிப்பு மாறுவதற்கு முன் அங்கே அதன் பெயரைத் தேடிப் பாருங்கள்.

#3 பூச்சிப்பிடி

இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். முடிவெடுக்க வேண்டியதே இதை வைத்துத்தான்.

நிரலைப் பழையதாக்குவது ஐந்து நிமிட வேலை. புரொஃபைல் அப்படிப் பின்னால் வராது. புக்மார்க், பார்த்த பக்கங்கள், கடவுச்சொற்கள், தளங்கள் உங்கள் வட்டில் சேமித்த தரவு எல்லாம் புரொஃபைல் கோப்புறைக்குள் சின்னச் சின்ன தரவுத்தளங்களாக இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு எண் உண்டு. புதிய பதிப்பு முதன்முறை திறக்கும்போதே அட்டவணைகளை மாற்றி, அந்த எண்ணையும் உயர்த்திவிடும். பழைய பதிப்புக்கு அந்த எண் புரியாது.

அதிகம் அடிபடுவது தளங்களின் சேமிப்புக் கோப்புறை. புக்மார்க் எல்லாம் சரியாகவே தெரியும். ஆனால் இணையவழி அரட்டை, மின்னஞ்சல், குறிப்பேடு போன்ற தளங்கள் பாதியில் நின்றுவிடும் அல்லது வெள்ளைப் பக்கம் காட்டும். சேமிப்பின் அமைப்பு எண் தன்னைவிடப் புதியது என்று கண்டதும் பழைய உலாவி அந்தக் கோப்புறையைத் திறக்கவே மறுப்பதுதான் காரணம். பலர் இதைத் தளத்தின் கோளாறு என்று நினைத்துக் குக்கியை அழித்துக்கொண்டே இருப்பார்கள். தீராது.

இதனால்தான் 2019 மே மாதம் வந்த ஃபயர்பாக்ஸ் 67-ல் இரண்டு தடுப்புகளைப் போட்டார்கள். ஒன்று, புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பில் திறந்தால், பழைய பதிப்பைத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று சொல்லி நிறுத்திவிடும். இரண்டு, ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிப் புரொஃபைல். எது எந்த நிறுவலுக்கு உரியது என்பதை நிறுவிய கோப்புறையின் பாதையை வைத்தே அடையாளம் காண்கிறது. இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு: நிறுவிய கோப்புறையை வேறு இடத்துக்கு நகர்த்தினால் உலாவி புத்தம் புதிதாகத் திறக்கும், புக்மார்க் எல்லாம் போய்விட்டது போலத் தோன்றும். எதுவும் போகவில்லை. அபவுட்:புரொஃபைல்ஸ் பக்கத்துக்குப் போய்ப் பழைய புரொஃபைலை இயல்புநிலையாக்கி மறுபடி தொடங்கினால் போதும்.

குரோமிலும் இதே கதைதான். புரொஃபைல் புதிய பதிப்பிலிருந்து வந்தது, பயன்படுத்த முடியாது என்று செய்தி வரும்.

ஆகவே விதி ஒன்றுதான்: உங்கள் அன்றாடப் புரொஃபைலை முன்வெளியீட்டுப் பதிப்பு ஒருமுறைகூடத் தொடக் கூடாது. தனி நிறுவல், தனிப் புரொஃபைல். அதற்குப் பிறகு எந்தப் பதிப்பை வேண்டுமானாலும் சோதியுங்கள், திரும்பி வருவதில் சிக்கலே இருக்காது.

#4 நள்ளிரவு

புரொஃபைல் விஷயத்தில் பூச்சிப்பிடி சொல்வது முழுக்கச் சரி. ஆனால் நிலையான பதிப்பு என்றால் உடையவே உடையாது என்று இந்த இழையைப் படிப்பவர்கள் நம்பிவிடக் கூடாது. மூன்று நிகழ்வுகளைப் பாருங்கள்.

2019 மே 4: நீட்சிகளுக்குக் கையொப்பமிடும் இடைநிலைச் சான்றிதழ் காலாவதியானது. வெளியீட்டுப் பதிப்பு உட்பட எல்லாவற்றிலும் நீட்சிகள் அணைந்தன. அன்றைக்குக் கையொப்பச் சோதனையையே அணைத்துத் தப்பிக்கும் வாய்ப்பு நைட்லி, டெவலப்பர் எடிஷன் (தளம் கட்டுபவர்களுக்கான பதிப்பு), ஈஎஸ்ஆர் (நிறுவனங்களுக்கான நீண்டகால ஆதரவுப் பதிப்பு) வைத்திருந்தவர்களுக்கு இருந்தது. வெளியீட்டிலும் பீட்டாவிலும் அந்த அமைப்பை மாற்றினாலும் பலிக்காது. அவர்கள் திருத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

2019 நவம்பர்: குரோம் நிலையான பதிப்பில் தொலைவிலிருந்து ஒரு பரிசோதனையை இயக்கினார்கள். மறைந்திருக்கும் சாளரத்தை ஓய்வில் வைத்து நினைவகம் மிச்சப்படுத்துவது நோக்கம். பீட்டாவில் ஐந்து மாதம் ஓடிய மாற்றம் அது. ஆனால் பலர் ஒரே சர்வரில் டெர்மினல் வழியாக வேலை செய்யும் அலுவலகங்களில் எல்லா டேப்பும் வெள்ளையானது.

2022 ஜனவரி 13: ஒரு கிளவுட் சேவை தன் சர்வர்களில் எச்டிடிபி/3-ஐ (உலாவியும் சர்வரும் பேசும் நெறிமுறையின் புதிய பதிப்பு) இயல்பாகத் திறந்துவிட்டது. சர்வரோடு பேசும் செய்தியின் தலைப்புப் பெயரில் உள்ள சிறிய, பெரிய எழுத்தை ஃபயர்பாக்ஸ் கையாளும் இடத்தில் ஒளிந்திருந்த ஒரு வழு, இணையப் போக்குவரத்தைப் பார்க்கும் பிணையத் திரியை முடிவில்லாச் சுழலில் மாட்டிவிட்டது. எந்தத் தளமும் திறக்கவில்லை. உலாவியைப் புதுப்பிக்காதவர்களுக்கும் இதே நிலைதான், மாறியது சர்வர் பக்கம் என்பதால்.

எனவே பதிப்பைத் தேர்ந்தெடுப்பதோடு நிற்காமல், வேறு எஞ்சினில் ஓடும் இரண்டாவது உலாவி ஒன்றைத் தயாராக வைப்பது அவசியம். ஃபயர்பாக்ஸ் முதன்மை என்றால் குரோம் அல்லது எட்ஜ் துணை. குரோமுக்கு எட்ஜைத் துணையாக வைப்பதில் பயன் குறைவு, இரண்டும் குரோமியம் என்ற ஒரே நிரலிலிருந்து வந்தவை.

அது கையில் இருந்தால் நைட்லியை அன்றாட உலாவியாக வைப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. ஒரு நாளைக்கு இரண்டு முறை புதுப்பிப்பு வரும். காலையில் உடைந்தது பெரும்பாலும் மாலையிலேயே சரியாகிவிடும்.

#5 பூச்சிப்பிடி

நள்ளிரவு சொன்ன மூன்று நிகழ்வுகளும் உண்மை. முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. காலை பத்து மணிக் கூட்டத்தில் மைக் வேலை செய்யாமல் போனால், மாலையில் வரும் திருத்தத்தால் என்ன பயன்?

நைட்லி அடிக்கடி மூடிக்கொள்வதற்கு வழுக்கள் மட்டும் காரணமில்லை. நிரலுக்குள் ‘இந்த நிலை வரவே கூடாது’ என்று சோதிக்கும் வரிகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றில் ஒரு வகை நைட்லியில் உயிரோடு இருக்கும், வெளியீட்டில் நீக்கப்பட்டிருக்கும். வெளியீடு கண்டும் காணாமல் கடந்துபோகும் இடத்தில், நைட்லி வேண்டுமென்றே மூடிக்கொண்டு அறிக்கை அனுப்பும். டெவலப்பர்களுக்கு அது பொக்கிஷம். வங்கிப் பரிமாற்றத்தின் நடுவில் இருப்பவருக்கு அப்படியா?

மூன்றாவது சந்தேகம், பாதுகாப்பு. இதில் இரண்டு பக்கமும் பாதி உண்மை சொல்கிறார்கள். திருத்தங்கள் வழக்கமாக நைட்லியில்தான் முதலில் சேர்கின்றன, அது சரி. ஆனால் கடுமையான ஓட்டைகளுக்கான திருத்தத்தை வெளியீட்டுத் தேதி நெருங்கும்வரை வேண்டுமென்றே சேர்க்காமல் வைத்திருப்பார்கள். திறந்த நிரலில் சேர்த்த நொடியே ஓட்டை எங்கே என்று எதிரிக்கும் தெரிந்துவிடுமே. நைட்லிக்குக் கிடைக்கும் முந்தல் அங்கே சுருங்கிவிடுகிறது. கூடவே, இன்னும் யாரும் புரட்டிப் பார்க்காத புது நிரல் நைட்லியில்தான் இருக்கிறது. நைட்லியில் மட்டும் தோன்றி, வெளியீட்டுக்கு வருவதற்கு முன்பே அடைக்கப்பட்ட ஓட்டைக்குப் பாதுகாப்பு அறிவிப்பும் வராது.

2024 அக்டோபரில் தாக்குதலில் இருந்த ஓர் ஓட்டைக்கு 131.0.2, ஈஎஸ்ஆர் 128.3.1, ஈஎஸ்ஆர் 115.16.1 மூன்றும் சேர்ந்து வந்தன. அப்படிப்பட்ட நாளில் நீங்கள் எந்தப் பதிப்பில் இருக்கிறீர்கள் என்பதைவிட, மறுதொடக்கம் செய்துவிட்டீர்களா என்பதுதான் கேள்வி. குரோம் 2023 ஆகஸ்டில் 116-லிருந்து வாராவாரம் பாதுகாப்புத் திருத்தம் விடத் தொடங்கியதும் இதே இடைவெளியைக் குறைக்கத்தான். நாற்பது டேப் திறந்திருக்கிறது என்று புதுப்பிப்பை மூன்று வாரம் தள்ளிப்போடுபவருக்கு நிலையான பதிப்பும் காப்பு இல்லை.

வங்கியும் அலுவலகமும் வெளியீட்டுப் பதிப்பிலேயே இருக்கட்டும். முன்வெளியீட்டை எதற்காவது வைக்க வேண்டும் என்றால் பீட்டா நிரல் போதும்.

#6 கல்தூண்

எல்லாரும் ஈஎஸ்ஆரை மறந்துவிட்டீர்களே. நிலைத்தன்மை வேண்டும் என்றால் அதுதானே உச்சம்? டெபியன்கூட அதைத்தான் தருகிறது.

#7 கிளைநதி

@கல்தூண், ஈஎஸ்ஆர் ‘மாறாத’ பதிப்பு. ‘வழு குறைந்த’ பதிப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. நூறு கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகிக்காக 2012-ல் ஃபயர்பாக்ஸ் 10-ஓடு தொடங்கியது அது. பெரிய எண் சுமார் ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறும்: 115, 128, 140. நடுவில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை புள்ளிக்குப் பின் உள்ள எண் மட்டும் கூடும். அவற்றில் வருபவை பாதுகாப்புத் திருத்தங்களும் மிக முக்கியமான சில வழுத் திருத்தங்களும். உங்களைத் தொந்தரவு செய்யும் சாதாரண வழு வெளியீட்டில் சரியாகியிருந்தாலும் ஈஎஸ்ஆரில் அடுத்த பெரிய எண் வரை அப்படியே கிடக்கும்.

தளங்களும் காத்திருக்காது. ஆண்டு முடியும் தறுவாயில் புதிய சிஎஸ்எஸ் வசதிகளை நம்பிக் கட்டிய பக்கங்கள் ஈஎஸ்ஆரில் கோணலாகத் தெரியும்.

எப்போது ஈஎஸ்ஆர்? உங்கள் வேலை ஒரு குறிப்பிட்ட உள்தளத்தையோ நீட்சியையோ நம்பியிருக்கிறது, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதைச் சோதிக்க ஆள் இல்லை என்றால். அல்லது விண்டோஸ் 7, 8.1-ல் மாட்டிக்கொண்டிருந்தால், அவற்றில் ஓடும் கடைசி ஃபயர்பாக்ஸ் 115-தான். குரோமிலும் எட்ஜிலும் இதற்கு இணையாக எட்டு வார நீட்டிப்பு நிலைப் பதிப்பு ஒன்று நிறுவனங்களுக்கென்று இருக்கிறது. தாழ்வாரத்துக்கு இது எதுவும் தேவைப்படாது.

#8 கருவிப்பெட்டி

சரி, பக்கத்தில் பீட்டா வைப்பது என்று முடிவானால் எப்படி நிறுவுவது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

விண்டோஸில் ஃபயர்பாக்ஸ் பீட்டாவின் நிறுவி, வெளியீடு இருக்கும் அதே கோப்புறையில்தான் இயல்பாக அமரும். பெயரும் ஒன்று, சின்னமும் ஒன்று. ‘பக்கத்தில் வைக்கிறேன்’ என்று அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போனால் உங்கள் வெளியீட்டின் மேலேயே பீட்டா ஏறி உட்கார்ந்து, அன்றாடப் புரொஃபைலைத் திறந்துவிடும். முழு நிறுவியை எடுத்துத் தனிப்பயன் முறையில் வேறு கோப்புறை கொடுக்கலாம். அதைவிட எளிய வழி டெவலப்பர் எடிஷன். நிரல் பீட்டாவுடையதுதான், கோப்புறை, நீல நிறச் சின்னம், புரொஃபைல் மூன்றும் தனி. நைட்லிக்கும் இப்படியே தனிக் கோப்புறை.

நிறுவிய பிறகு செய்ய வேண்டியவை:

1. முதல் திறப்பில் இயல்பு உலாவியாக்கவா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அமைப்புகளில் அந்தச் சோதனையையும் அணையுங்கள். இல்லாவிட்டால் மின்னஞ்சலில் சொடுக்கும் இணைப்பெல்லாம் சோதனை உலாவியில் திறக்கும்.

2. பழைய உலாவியிலிருந்து தரவை இறக்குமதி செய்ய வேண்டாம்.

3. ஒத்திசைவில் உள்நுழைய வேண்டாம். ஒத்திசைவு காப்பு நகல் கிடையாது. சோதனைப் பதிப்பின் வழு ஒன்று புக்மார்க்கைக் கலைத்தால், அந்தக் கலைப்பு சில நிமிடங்களில் எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேரும். கட்டாயம் வேண்டுமென்றால் சோதனைக்கென ஒரு தனிக் கணக்கு.

4. தீம் நிறத்தை மாற்றுங்கள். இரண்டு சாளரமும் ஒன்று போல இருந்தால் என்றைக்காவது ஒருநாள் வங்கியைத் தவறான சாளரத்தில் திறப்பீர்கள்.

5. அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியைப் பாருங்கள். முன்வெளியீட்டுப் பதிப்புகள் கூடுதல் பயன்பாட்டுத் தரவை அனுப்பும். அனுப்புவதால்தான் வழுக்கள் பிடிபடுகின்றன, ஆனால் தெரிந்தே அனுப்புங்கள்.

உபுண்டுவில் வேறு சிக்கல். அங்கே ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் (உபுண்டுவின் தனி நிறுவல் முறை) பொதியாக வருகிறது. ஸ்னாப்பின் சேனலை பீட்டாவுக்கு மாற்றினால் இருக்கும் நிறுவலே பீட்டாவாகிவிடும், பக்கத்தில் வராது. பிடிக்கவில்லை என்று ஸ்னாப் ரிவர்ட் கட்டளை கொடுத்தால் நிரல் மட்டும் பின்னால் போகும். புரொஃபைல் இருப்பது ஸ்னாப்பின் ‘காமன்’ கோப்புறையில். ரிவர்ட் அதைத் தொடாது. பூச்சிப்பிடி சொன்ன பொறி அப்படியே இங்கும்.

அதனால் உபுண்டுவில், ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் சொந்த ஏபிடி களஞ்சியத்தை (பொதிகள் கிடைக்கும் இடம்) சேர்த்து, பீட்டா, டெவலப்பர் எடிஷன், நைட்லி எது வேண்டுமோ அந்த டெப் பொதியை நிறுவுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், எனவே ஸ்னாப்போடு மோதாது. டார் கோப்பை இறக்கி வீட்டுக் கோப்புறையில் விரித்தும் ஓட்டலாம். ஆனால் உபுண்டு 24.04-லிருந்து பெயர்வெளிக் கட்டுப்பாடு (செயலி தனக்கென அடைப்பு உருவாக்குவதன் மீதான கட்டுப்பாடு) இருப்பதால், சில பாதுகாப்பு அம்சங்கள் குறைவாக இயங்கும் என்று ஃபயர்பாக்ஸ் எச்சரிக்கும். அந்தப் பாதைக்கு ஆப்ஆர்மர் (உபுண்டுவின் பாதுகாப்புக் காவல்) விதி ஒன்று எழுதிவைத்தால் எச்சரிக்கை போகும். எச்சரிக்கையை மூடிவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள், அது சாண்ட்பாக்ஸ் பற்றியது, அதாவது வலைப்பக்கத்தைக் கணினியின் மற்ற பகுதியிலிருந்து தனியே அடைத்துவைக்கும் காப்பு.

குரோமில் இந்தத் தொல்லை குறைவு. நிலையானது, பீட்டா, அதைவிடப் புதிய டெவ், தினசரி வரும் கேனரி எல்லாம் தனித்தனித் தரவுக் கோப்புறையோடு அருகருகே நிற்கும். ஒரு குறிப்பு மட்டும்: கணினியில் இருக்கும் கடவுச்சொல் மேலாளரோடு பேசும் நீட்சி லினக்ஸில் குரோம் பீட்டாவில் ‘செயலி கிடைக்கவில்லை’ என்றால், நீட்சியில் பழுது இல்லை. இணைப்புக்கான சிறிய ஜேசன் கோப்பு பயனரின் குரோம் கோப்புறைக்குள் இருக்கிறது. பீட்டாவின் கோப்புறை வேறு. நேட்டிவ் மெசேஜிங் ஹோஸ்ட்ஸ் என்ற அந்த உட்கோப்புறையை பீட்டாவுக்குள் நகலெடுங்கள்.

#9 வலைத்தறி

தளம் கட்டுபவர் என்பதால் தாழ்வாரத்துக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. உங்களுக்குப் பீட்டா ஆசைக்கு வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை, கட்டாயம். பயனர்களுக்கு நான்கு வாரம் கழித்து வரப்போகும் உலாவி அது.

2020 பிப்ரவரியில் குரோம் 80 சேம்சைட் குக்கி விதியை இறுக்கியது. சேம்சைட் குறிப்பிடாத குக்கி, வேறு தளத்துக்குள் பதித்த சட்டகத்தில் போகாது. கட்டணப் பக்கம், ஒரே உள்நுழைவு இரண்டிலும் இது நேரடியாகக் கைவைத்தது. பெருந்தொற்று நேரத்தில் அவசியத் தளங்கள் முடங்கக் கூடாது என்று ஏப்ரல் தொடக்கத்தில் அதைத் தற்காலிகமாகப் பின்வாங்கவும் செய்தார்கள். பீட்டாவில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் எச்சரிக்கை கன்சோலில் முன்பே தெரிந்தது.

2022-ல் பதிப்பு எண் மூன்று இலக்கமானது: மார்ச்சில் குரோம் 100, மே மாதம் ஃபயர்பாக்ஸ் 100. உலாவியின் அடையாள வரியில் முதல் இரண்டு இலக்கத்தை மட்டும் வெட்டி எடுத்த நிரல், 100-ஐ 10 என்று படித்து ‘பழைய உலாவி’ என்று விரட்டியது. 

செய்முறை: உங்கள் தானியங்கிச் சோதனைகளைக் குரோம் ஃபார் டெஸ்டிங்கில் (சோதனைக்கென்றே தரப்படும் குரோம்) ஓட்டுங்கள். 2023-லிருந்து கிடைக்கிறது, தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, எனவே நேற்று தேறிய சோதனை இன்று தோற்றால் மாறியது உங்கள் நிரல்தான் என்று தெளிவாகத் தெரியும். நிலையான பதிப்பில் ஓடும் சோதனை தோற்றால் வெளியீட்டைத் தடுக்கட்டும். பீட்டாவில் ஓடுவது தோற்றால் எச்சரிக்கை மட்டும் வரட்டும், தடுக்க வேண்டாம். இல்லாவிட்டால் அவர்கள் வழுவுக்கு நீங்கள் வேலை நிறுத்துவீர்கள். கேனரியில் தினமும் ஓட்டுவது இரைச்சல்தான் தரும்; குறிப்பிட்ட புது ஏபிஐ ஒன்றைத் தொடர்ந்து கவனிப்பவர் மட்டும் அதை எடுக்கலாம்.

மேக் கையில் இருந்தால் சஃபாரி டெக்னாலஜி ப்ரிவியூவையும் (சஃபாரியின் முன்வெளியீடு) சேருங்கள். 2016-லிருந்து வருகிறது, சாதாரண சஃபாரியைத் தொடாமல் பக்கத்தில் நிற்கும்.

#10 நள்ளிரவு

நைட்லி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘நேற்று வேலை செய்தது, இன்று உடைந்தது’ என்று மட்டும் எழுதாமல், எந்த மாற்றம் உடைத்தது என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள். கடினமில்லை.

முதலில் புதுப் புரொஃபைலில் வழு வருகிறதா பாருங்கள். வராவிட்டால் நீட்சி அல்லது மாற்றிய அமைப்பு காரணம். வந்தால் மோஸ்ரெக்ரஷன் என்ற கருவியை எடுங்கள். பைத்தான் பொதியாகவும் கிடைக்கும், விண்டோஸில் சாளர வடிவமும் உண்டு. நன்றாக இருந்த தேதி ஒன்று, உடைந்த தேதி ஒன்று கொடுத்தால் நடுத்தேதியின் நைட்லியை இறக்கித் தற்காலிகப் புரொஃபைலில் திறக்கும். வழுவைச் செய்து பார்த்து ‘நன்று’ அல்லது ‘கெட்டது’ என்று பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் இடைவெளி பாதியாகும். அறுபது நாள் இடைவெளி ஆறு பதிலில் ஒரு நாளாகச் சுருங்கிவிடும். பிறகு அந்த நாளுக்குள் சேர்ந்த ஒவ்வொரு மாற்றத்தையும் இதே முறையில் பிரிக்கும். கடைசியில் வரும் பட்டியலை வழு அறிக்கையில் ஒட்டினால் அது நேராக உரியவரிடம் போகும்.

வழு சில சமயம் மட்டும் வருகிறது என்றால் ஒவ்வொரு பதிப்பிலும் ஐந்தாறு முறை முயலாமல் ‘நன்று’ போடாதீர்கள். ஒரே ஒரு தவறான ‘நன்று’ தேடலை முழுக்க வேறு பக்கம் கொண்டுபோய்விடும்.

உலாவி மூடிக்கொள்ளும் வழு என்றால் அபவுட்:கிராஷஸ் பக்கத்தில் உள்ள அறிக்கை எண்ணையும் சேருங்கள்.

#11 கருவிப்பெட்டி

ஆண்ட்ராய்டு விட்டுப்போனது. ஃபயர்பாக்ஸ் பீட்டா, நைட்லி இரண்டும் தனிச் செயலிகள். வெளியீட்டின் பக்கத்தில் நிறுவினால் தரவு கலக்காது, கணினியைவிட இங்கே எளிது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஆண்ட்ராய்டில் ஒரு செயலியைப் பழைய பதிப்புக்கு இறக்க, நீக்கிவிட்டுத்தான் நிறுவ வேண்டும். நீக்கினால் உள்ளே இருக்கும் தரவும் போகும்.

டெவலப்பர் விருப்பங்களில் வெப்வியூவை பீட்டாவுக்கோ கேனரிக்கோ மாற்றும் வழி இருக்கிறது. அன்றாடக் கைபேசியில் அதைத் தொடாதீர்கள். வெப்வியூ உலாவிக்கு மட்டும் உரியதல்ல, பக்கம் காட்டும் எல்லாச் செயலிக்கும் பொது. 2021 மார்ச்சில் நிலையான வெப்வியூவில் ஏற்பட்ட ஒரு கோளாறே உலகம் முழுக்க மின்னஞ்சல் செயலி முதல் வங்கிச் செயலி வரை மூடவைத்தது.

#12 தாழ்வாரம்

எல்லாருக்கும் நன்றி. வெளியீடு அன்றாடத்துக்கு, டெவலப்பர் எடிஷன் பக்கத்தில், குரோம் பீட்டா தளச் சோதனைக்கு என்று வைக்கிறேன். கடைசியாக ஒன்று: யாராவது தெரியாமல் அன்றாடப் புரொஃபைலை நைட்லியில் திறந்துவிட்டால்? மறுத்து நிற்கும் அந்தச் செய்தியைத் தாண்ட அலோ டவுன்கிரேட் என்று ஒரு கட்டளை இருப்பதாகப் படித்தேன்.

#13 பூச்சிப்பிடி

இருக்கிறது. ஆனால் அது கதவைத் திறந்துவிடும், உள்ளே உள்ளதைச் சரிசெய்யாது. முதலில் அதைத் தொடாதீர்கள்.

இரண்டு வழி. அவசரம் இல்லையென்றால் காத்திருப்பதுதான் சுத்தமானது. நைட்லி 140 தொட்ட புரொஃபைலை பீட்டா 140 எந்தச் சிக்கலும் இல்லாமல் திறக்கும், பிறகு வெளியீடு 140-ம் திறக்கும். ஆனால் நைட்லியை ஓடவிட்டால் அது 141-க்குத் தாவிவிடும், நீங்கள் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். எனவே இன்றே நைட்லியின் அமைப்புகளில் ‘புதுப்பிப்பைத் தேடு, நிறுவுவதை நான் முடிவு செய்கிறேன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே எண்ணில் பீட்டா வந்த அன்றே மாறிவிடுங்கள். நைட்லியைப் புதுப்பிக்காமல் நிறுத்திவைத்திருக்கும் நாட்களில் பாதுகாப்புத் திருத்தமும் வராது; அதனால் வங்கியை வேறு உலாவியில் பாருங்கள்.

அவசரம் என்றால்:

நைட்லியை அதே புரொஃபைலில் திறந்து, புக்மார்க் மேலாளரில் ஜேசன் காப்பு எடுங்கள். அபவுட்:லாகின்ஸ் பக்கத்தில் கடவுச்சொற்களை சிஎஸ்வி கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். பிறகு நைட்லியை முழுக்க மூடிவிட்டு, வெளியீட்டில் அபவுட்:புரொஃபைல்ஸ் வழியாகப் புதுப் புரொஃபைல் உருவாக்கி இரண்டையும் உள்ளே எடுங்கள். சிஎஸ்வியில் கடவுச்சொற்கள் திறந்த எழுத்தாகவே இருக்கும். வேலை முடிந்த கையோடு அழித்துவிடுங்கள், குப்பைத் தொட்டியிலிருந்தும். நீட்சிகளைக் கையால் மறுபடி நிறுவ வேண்டும். தளங்களின் உள்நுழைவுகள் போய்விடும்.

முன்கூட்டியே காப்பு எடுத்து வைப்பவராக இருந்தால் இவ்வளவும் தேவையில்லை. அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் புரொஃபைல் கோப்புறையைத் திறந்து, உலாவியை மூடிவிட்டு, கோப்புறை முழுவதையும் நகலெடுங்கள். உலாவி திறந்திருக்கும்போது எடுத்த நகலில் தரவுத்தளத்தின் கடைசி எழுத்துகள் துணைக் கோப்பில் பாதி நின்றிருக்கும்.

#14 கல்தூண்

முழுக் கோப்புறைக்கு இடமில்லை என்றால்? என் புரொஃபைல் சில ஜிபி இருக்கிறது.

#15 பூச்சிப்பிடி

பருமன் ஏறுவது பெரும்பாலும் ‘ஸ்டோரேஜ்’ என்ற உட்கோப்புறையால். தளங்கள் உங்கள் வட்டில் வைத்த தரவு அது. அதை விட்டுவிட்டு இவற்றை எடுங்கள்: ப்ளேசஸ்.எஸ்க்யூலைட், புக்மார்க் காப்புக் கோப்புறை, ப்ரெஃப்ஸ்.ஜேஎஸ், லாகின்ஸ்.ஜேசன், கீ4.டிபி. கடைசி இரண்டும் ஒரே நேரத்தில் எடுத்த ஜோடியாக இருக்க வேண்டும். கடவுச்சொற்கள் முதலாவதில், அவற்றைத் திறக்கும் சாவி இரண்டாவதில். ஒன்று மட்டும் கையில் இருந்தால் எந்தப் பதிப்பாலும் படிக்க முடியாது.